சர்க்கரை துரைக்கு ஒரு சிலை

ஜேசுராஜ்: "கருணை என்பது ஒரு கடல் என்றால், அந்தக் கடலுக்குப் பெயர் டன்வெர்னி! கிளாஸ்கோ மாநகரின் வணிகத் திலகம், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் அணையா விளக்கு, நானூறு அடிமைகளின் விலங்கைத் தன் கரங்களால் உடைத்தெறிந்த விடுதலை வேந்தர்..."

செலின்: ஏங்க, எறும்பு.

ஜேசுராஜ்: "...விடுதலை வேந்தர், மாண்புமிகு ஆர்ச்சிபால்ட் டன்வெர்னி அவர்கள், நம் மாரெட்பள்ளிக்கு இந்த மண்டபத்தை அளித்து நூற்றைம்பது ஆண்டுகள்..."

செலின்: பேண்ட்டுக்குள்ள ஏறுது.

ஜேசுராஜ்: ஆ! அடச்சே... செலின், சக்கரை மூட்டையைத் தரையில வைக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்? நாளைக்கு கிளாஸ்கோலருந்து வெள்ளைக்காரம்மா வந்து நிக்கிறப்போ இந்த ஹால் முழுக்க எறும்பு ஊர்வலம் போச்சுன்னா?

செலின்: வருஷா வருஷம் டன்வெர்னி தினத்துக்கு எறும்புதான் தவறாம வருது. கமிட்டி மெம்பருங்கள்ல ஒருத்தரையும் காணோம். பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற சக்கரையைப் பொட்டலம் மடிக்க நானும் பெர்சியும்தான்.

ஜேசுராஜ்: அவங்கெல்லாம் நாளைக்கு வருவாங்க.

செலின்: சாப்பாட்டுக்கு.

பெர்சிஸ்: அத்தை, நூல் அங்க இருக்கு பாருங்க, தள்ளுங்க. மாமா, ஒரு டவுட் கேக்கட்டா?

ஜேசுராஜ்: கேளு பெர்சி. என் தங்கச்சி பொண்ணு கேட்டு நான் எதை இல்லைன்னு சொல்லியிருக்கேன்?

பெர்சிஸ்: இந்த ஹாலை.

ஜேசுராஜ்: அது... அது கமிட்டி விஷயம். நான் வெறும் செக்ரட்டரி. நாளைக்கு விழா நல்லபடியா முடியட்டும், சிலை திறக்கட்டும், திங்கக்கிழமை காலையில சாவி உன் கையில. பின்னாடி சந்துல இருக்கிற பொண்ணுங்கள்லாம் இங்க வந்து சாயங்காலம் கம்ப்யூட்டர் படிக்கட்டும், இங்கிலீஷ் பேசட்டும், உன்ன மாதிரி கழுத்துல கார்டு மாட்டிட்டு ஹைடெக் சிட்டிக்கு கம்பெனி வண்டியில போகட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?

பெர்சிஸ்: விழா நல்லபடியா முடியலன்னா?

ஜேசுராஜ்: கைக்கு முடியாது? ஏன் முடியாதுங்கிறேன்? அபசகுனமா பேசாத. இதான் உன் டவுட்டா?

பெர்சிஸ்: இல்ல மாமா. அந்த நானூறு அடிமைங்க... அவங்க யாரோட அடிமைங்க?

ஜேசுராஜ்: யாரோடதுன்னா?

பெர்சிஸ்: துரை விலங்கை உடைச்சார்ன்னு சொல்றீங்கல்ல. மாட்டினது யாரு?

ஜேசுராஜ்: எவனாவது ஒரு கொடும்பாவியா இருப்பான்.

பெர்சிஸ்: அந்தக் கொடும்பாவி பேரு?

ஜேசுராஜ்: பேரு எதுக்கு நமக்கு? நல்லது பண்ணவர் பேர் தெரிஞ்சா போதாதா? அதோ, பித்தளைப் பலகையிலயே போட்டிருக்கே, நானூறு ஆத்துமாக்களை விடுவித்தவர்ன்னு. சண்டே ஸ்கூல்ல நான் மனப்பாடம் பண்ண முதல் இங்கிலீஷ் வரியே அதுதான்.

பெர்சிஸ்: வரி கரெக்ட்தான் மாமா. விடுவிச்சார். அவரோட சொந்த அடிமைங்கள.

செலின்: சரியா மடிக்கல, கொட்டுது பாரு.

ஜேசுராஜ்: என்ன சொன்ன?

செலின்: சக்கரை கொட்டுதுன்னேன்.

ஜேசுராஜ்: உன்ன இல்ல! பெர்சி... நீ என்ன சொன்ன?

பெர்சிஸ்: துரைக்கு மேற்கிந்தியத் தீவுல ரெண்டு கரும்புத் தோட்டம். மொரீஷியஸ்ல ஒண்ணு. நானூறு பேரும் அவர் காசு கொடுத்து வாங்கிப் போட்டவங்க, அவங்களுக்குப் பொறந்தவங்க. யாரும் அடிமை வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. எல்லா முதலாளியும் விட்டாகணும். இவரும் விட்டார். அவ்ளோதான். விட்டதுக்கு கவர்மெண்ட் நஷ்டஈடு கொடுத்துச்சு.

ஜேசுராஜ்: பார்த்தியா! பாவம், அந்த நானூறு பேருக்கும் ஏதோ கிடைச்சுதுல்ல.

பெர்சிஸ்: அவங்களுக்கு இல்ல மாமா. துரைக்கு.

செலின்: அப்போ அவங்களுக்கு?

பெர்சிஸ்: இன்னும் சில வருஷம் கூலி இல்லாம அங்கயே வெட்டணும்.

செலின்: அதாவது பிக்பாக்கெட் கையிலருந்து பர்ஸைப் பிடுங்கிட்டு, அய்யோ பாவம்னு அவனுக்கு ஆட்டோ காசும் கொடுத்து அனுப்பிட்டாங்க.

ஜேசுராஜ்: நீ சும்மா இரு செலின். உங்க கத்தோலிக்க ஆளுங்களுக்கு எங்க துரைன்னாலே ஒரு இளப்பம். இதெல்லாம் யார் சொன்னது பெர்சி?

பெர்சிஸ்: லண்டன்ல ஒரு காலேஜ்ல வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி, இந்த வருஷம்தான் நெட்ல போட்டாங்க. யார் யார் எத்தன பேரை வச்சிருந்தாங்கன்னு.

ஜேசுராஜ்: நெட்டு! போன மாசம் நம்ம பாஸ்டர் தவறிட்டார்ன்னு எனக்கு மெயில் வந்துச்சு. அவர் என் பக்கத்துல உக்காந்து பிரியாணியில எலும்பு உறிஞ்சிட்டிருந்தார். நெட்டாம் நெட்டு... சரி, பாராளுமன்றத்துல விடுதலைக்காக முழங்கினாரே? நூத்தி இருபத்தஞ்சாவது வருஷ மலர்ல நானே எழுதியிருக்கேன்.

பெர்சிஸ்: முழங்கினார். மெதுவா பண்ணுங்கன்னு முழங்கினார். அவசரப்பட்டு விட்டுட்டா அவங்களுக்கே நல்லதில்ல, இன்னும் பக்குவம் வரலன்னு.

செலின்: இத நான் எங்கயோ கேட்டிருக்கேனே.

ஜேசுராஜ்: எங்க?

செலின்: நம்ம கமிட்டியில. சந்துல இருக்கிற பொண்ணுங்களுக்கு அவசரப்பட்டு ஹாலைக் கொடுக்கக் கூடாது, பக்குவம் வரட்டும்ன்னு. யார் பேசினது? இவர்தான பெர்சி?

பெர்சிஸ்: நான் ஒண்ணும் சொல்லல.

ஜேசுராஜ்: அது வேற, இது வேற! அங்க நான் பேசினது சுவத்துக்கு அடிச்ச புது பெயிண்ட்டைப் பத்தி... அய்ய, என்ன பண்ற? எங்க எழுந்து போற?

பெர்சிஸ்: ஃபேன் போட.

ஜேசுராஜ்: நக்கோ! வேணாம்! ஸ்விட்ச்ச தொடாத! சிலை மேல துணி பறந்துடும்.

செலின்: மே மாசம், ஹால்ல ஒரு ஃபேன் இல்லாம வெந்து சாகுறோம். துரைக்குத் துணி பறக்கக் கூடாதாம். அது என் பெட்ஷீட் வேற.

பெர்சிஸ்: மாமா, அந்தப் பக்கம் ஏன் கூடாரம் மாதிரி தூக்கிட்டு நிக்குது?

ஜேசுராஜ்: கை. ஒரு கையை நீட்டி நிக்கிறார். அடிமைகளை ஒளிக்கு அழைக்கிறார்.

செலின்: உப்பல் பக்கம் சிலை பட்டறை வச்சிருக்கிற அய்யாக்கண்ணு கட்சித் தலைவருங்க சிலை மட்டும்தான் செய்வார். அவர்கிட்ட இருக்கிற அச்சு எல்லாமே கை நீட்டினதுதான். எலெக்ஷன் முடிஞ்சு யாரோ வாங்காம விட்ட உடம்பு ஒண்ணு சும்மா நின்னுச்சாம். தலையை மட்டும் புதுசா செஞ்சு கொடுத்துட்டார்.

ஜேசுராஜ்: தலை மட்டும் இல்ல, கோட்டு, கை மணிக்கட்டு, எல்லாம் படத்தைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கான். கலைஞன்!

பெர்சிஸ்: எந்தப் படம் மாமா? நான் தேடாத இடமில்ல. நெட்ல துரை படம் ஒண்ணுகூட கிடைக்கல.

ஜேசுராஜ்: அது... ஒரு பழைய படம். இங்க ஹால்ல கிடந்துச்சு.

பெர்சிஸ்: எங்க?

ஜேசுராஜ்: ஒரு மூலையில.

செலின்: எந்த மூலையில?

ஜேசுராஜ்: இப்போ மூலையா முக்கியம்? ஒரு பெரிய மனுஷன் பேரை என் கண்ணு முன்னாடி சந்தியில இழுத்துட்டு உக்காந்திருக்கீங்க. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க பெர்சி. அதுதான் வழக்கம். அன்னிக்கு இருந்தவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது.

செலின்: விலங்குல இருந்தவங்களும் அன்னிக்கு இருந்தவங்கதானே? அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

ஜேசுராஜ்: நீ எதிர்க் கட்சி வக்கீல் மாதிரி பேசாத. தோட்டம்ன்னா எல்லாம் கொடுமைன்னு நினைக்காத. எங்க குடும்பத்துலயே தோட்டத்துல இருந்தவர் உண்டு. எங்க தாத்தாவோட பெரியப்பா, பாக்கியநாதன். செங்கல்பட்டுலருந்து மதராஸ் போயி, கப்பல் ஏறி மொரீசுக்குப் போனவர். எஸ்டேட் சூப்பர்வைசர். குதிரையில போவாராம்.

செலின்: உங்க அம்மா என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க.

ஜேசுராஜ்: அம்மாவா? உன்கிட்டயா? எப்போ?

செலின்: கடைசியா படுக்கையில இருந்தப்போ. கரும்பு வெட்டத்தான் போனாராம். குதிரையில்ல, கழுதையுமில்ல. திரும்பி வந்த ஒரு ஆள்கிட்ட சேதி சொல்லி விட்டிருக்கார். அது ஒண்ணுதான் வந்துச்சாம்.

ஜேசுராஜ்: என்ன சேதி?

செலின்: முதுகு வலிக்குதுன்னு.

ஜேசுராஜ்: அப்போ சூப்பர்வைசர், குதிரை எல்லாம்?

செலின்: உங்க தாத்தா வாயில அவர் கிளார்க் ஆனாராம். உங்க அப்பா வாயில மேஸ்திரி. உங்க வாயில சூப்பர்வைசர், குதிரை. நம்ம பையன் அமெரிக்காவுல அவன் பிள்ளைக்குச் சொல்றப்போ எஸ்டேட்டே நம்மளோடதா ஆயிடும்.

ஜேசுராஜ்: அம்மா ஏன் என்கிட்ட சொல்லல?

செலின்: உங்களுக்கு அந்தக் குதிரை ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம்.

பெர்சிஸ்: மாமா... அடிமைங்கள விட்ட பிறகு முதலாளிங்களுக்குக் கரும்பு வெட்ட ஆள் வேணும்ல. அப்போதான் நம்ம பக்கத்துலருந்து கூலிக்குன்னு ஏத்திட்டுப் போனாங்க. கைநாட்டு வாங்கிட்டு.

ஜேசுராஜ்: அப்போ பாக்கியநாதன் பெரிய தாத்தா... டன்வெர்னி துரையோட தோட்டத்துக்கா போனார்?

பெர்சிஸ்: அது தெரியாது மாமா. தெரிஞ்சுக்க வழியும் இல்ல. வேற யார் தோட்டமாவும் இருக்கலாம்.

ஜேசுராஜ்: ஆனா கரும்பு?

பெர்சிஸ்: கரும்பு எல்லாத் தோட்டத்துலயும் கரும்புதான்.

ஜேசுராஜ்: செலின்... அந்தப் பொட்டலத்தை இங்க கொடு.

செலின்: பிரிக்காதீங்க, இப்போதான் கட்டினேன்.

ஜேசுராஜ்: சின்னதுல இதை நாக்குல வச்சு, கண்ணை மூடி, "டன்வெர்னி துரைக்கு நன்றி"ன்னு மூணு தடவ சொல்லணும். அப்புறம்தான் முழுங்கலாம். வேகமா சொல்றவனுக்கு இன்னொண்ணு. நான்தான் எப்பவும் ஃபர்ஸ்ட்... வாயெல்லாம் இனிப்பா, யாருக்கு நன்றி சொல்றோம்னே... எத்தன வருஷம்! இன்னி வரைக்கும் எத்தன பிள்ளைங்களைச் சொல்ல வச்சிருக்கேன்!

பெர்சிஸ்: என்னையும்தான். நான் ஒரு தடவதான் சொல்வேன். நீங்க பார்க்காதப்போ முழுங்கிடுவேன்.

ஜேசுராஜ்: அப்பவே நீ கலகக்காரி... அய்யோ, அதை விடு. நாளைக்கு வர்ற அந்தம்மா! எல்ஸ்பெத் டன்வெர்னி! துரையோட பேத்திக்குப் பேத்தி. அவங்களுக்கு இது தெரியவே கூடாது பெர்சி. பாவம், அவ்வளவு தூரத்துலருந்து பாட்டன் பெருமையைப் பார்க்க வர்றாங்க. மனசு உடைஞ்சு போயிடும்.

பெர்சிஸ்: அவங்களுக்குத் தெரியும்.

ஜேசுராஜ்: என்ன தெரியும்?

பெர்சிஸ்: எல்லாம். எனக்குச் சொன்னதே அவங்கதான். மெயில் எல்லாம் நீயே பார்த்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரு மாசம் முன்னாடி எழுதினாங்க.

ஜேசுராஜ்: ஒரு மாசமா? ஒரு மாசமா மனசுல வச்சிருந்தியா? இன்னிக்கு விழாவுக்கு முந்தின நாள் வந்து...

பெர்சிஸ்: சொல்லத்தான் வந்தேன். அன்னிக்குத்தான் நீங்க அய்யாக்கண்ணு பட்டறையிலருந்து திரும்பி வந்தீங்க. எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தீங்க. ரிடையர் ஆனதுலருந்து உங்களை அவ்ளோ சந்தோஷமா நான் பார்த்ததே இல்ல. வாய் வரல மாமா.

ஜேசுராஜ்: ...என்ன எழுதினாங்க அந்தம்மா?

பெர்சிஸ்: ஃபோன்ல இருக்கு. தமிழ்ல சொல்றேன். "எங்கள் வீட்டு ஹாலில் அவர் படம் பெரிதாகத் தொங்கியது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம். உண்மை தெரிந்ததும் நானே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். இப்போது நீங்கள் ஒன்றை நிறுத்துகிறீர்கள் என்கிறீர்கள். தயவு செய்து..."

ஜேசுராஜ்: இரு, இரு, இரு. படமா?

பெர்சிஸ்: ஆமா, ஆயில் பெயிண்டிங்.

ஜேசுராஜ்: அப்போ... அந்தம்மாவுக்கு துரை முகம் தெரியுமா?

பெர்சிஸ்: தெரியாம? பிறந்ததுலருந்து பார்த்த முகம்ன்னு எழுதியிருக்காங்களே.

ஜேசுராஜ்: ஆண்டவரே.

செலின்: என்னங்க, இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டுமா?

ஜேசுராஜ்: நக்கோ!

பெர்சிஸ்: மிச்சத்தைக் கேளுங்க மாமா. அவங்க ஸ்கூல் டீச்சரா இருந்து ரிடையர் ஆனவங்க. மூணு மாசம் இங்கயே தங்கி நம்ம பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறேங்கிறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அவங்க பாட்டன் சிலை நிக்கிற இடத்துல நின்னு பாடம் எடுக்க மாட்டாங்களாம்.

ஜேசுராஜ்: சிலையா, கிளாஸான்னு கேக்குறாங்க.

பெர்சிஸ்: ஆமா.

ஜேசுராஜ்: ம்... பெர்சி, நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. துரை வேண்டாம். வேண்டவே வேண்டாம். அந்தப் பித்தளைப் பலகையை இப்பவே கழட்டு. ஹால் பேரையும் மாத்திடலாம். கமிட்டியை நான் பார்த்துக்கறேன். கிளாஸ் நடக்கட்டும், தினமும் நடக்கட்டும், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சுகூட நடக்கட்டும். போதுமா?

பெர்சிஸ்: நிஜமாவா மாமா? அத்தை, கேட்டீங்களா?

ஜேசுராஜ்: ஆனா சிலை மட்டும் இருக்கட்டும்.

பெர்சிஸ்: எது?

ஜேசுராஜ்: பேரை எடுத்துட்டு வெறும் சிலையா. பொதுவா ஒரு... சமூக ஊழியர்.

பெர்சிஸ்: டன்வெர்னி முகத்தோட சமூக ஊழியரா?

ஜேசுராஜ்: முகம் அவ்வளவா வரல.

பெர்சிஸ்: இப்போதான் படத்தைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கார்ன்னீங்க?

ஜேசுராஜ்: கலைஞன் இல்லையா. கொஞ்சம் சுதந்திரமா செஞ்சிருப்பான்.

செலின்: மூக்கு எப்படி?

ஜேசுராஜ்: மூக்கு... சுமாரா நம்ம ஊர் பக்கமா இருக்கும்.

செலின்: நிறம்?

ஜேசுராஜ்: நிறம் வெள்ளைதான்! பெயிண்ட்!

செலின்: எனக்குப் புழுக்கம் தாங்கல. நான் ஃபேன் போடுறேன்.

ஜேசுராஜ்: செலின், வேண்டாம்! சொன்னா கேளு! அந்த ஸ்விட்ச்ல கை வச்சன்னா... செலின்!

செலின்: ஆஹா. இப்போதான் உயிர் வருது.

பெர்சிஸ்: மாமா, கண்ணைத் திறங்க.

ஜேசுராஜ்: விழுந்துடுச்சா?

பெர்சிஸ்: விழுந்துடுச்சு.

ஜேசுராஜ்: முழுசாவா?

பெர்சிஸ்: முழுசா.

ஜேசுராஜ்: பார்த்துட்டியா?

பெர்சிஸ்: ம்.

ஜேசுராஜ்: சிரிங்க. கத்துங்க. ஏதாவது சொல்லுங்க! எண்பத்தெட்டாம் வருஷ நாடகத்துல நான் துரை வேஷம் கட்டின போட்டோ அது. அய்யாக்கண்ணு படம் கொடு, படம் கொடுன்னு உயிரை எடுத்தான். துரை படம் இல்ல. துரையா நடிச்சவன் படம் இருந்துச்சு. அவன்கிட்ட இவர்தான் துரைன்னு... ஏதோ வாயில வந்துடுச்சு. யாருக்குமே தெரியாதுன்னு...

பெர்சிஸ்: மூணு வாரமா பார்த்துட்டிருக்கோம் மாமா.

ஜேசுராஜ்: எத?

பெர்சிஸ்: உங்களை. சிலை வந்த மறுநாள்லருந்தே இங்க கிளாஸ் நடக்குது. நீங்க பைபிள் ஸ்டடிக்கு தார்நாகா போற சாயங்காலம் எல்லாம்.

ஜேசுராஜ்: சாவி? சாவி என்கிட்ட இருக்கே!

செலின்: ஒரு சாவி உங்ககிட்ட இருக்கு.

ஜேசுராஜ்: செலின்!

செலின்: என்ன செலின்? பக்குவம் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுங்க சந்துலயே உக்காந்திருக்கணுமா?

பெர்சிஸ்: முதல் நாளே ஜுலைகா துணியைத் தூக்கிப் பார்த்துட்டா. "மேடம், செக்ரட்டரி அங்கிள் ஏன் கோட்டு போட்டு நிக்கிறார்?"ன்னு கேட்டா. அன்னிலருந்து எல்லாரும் உள்ள வந்ததும் உங்களுக்கு குட் ஈவ்னிங் சொல்றாங்க. நீட்டின கையில பேக் மாட்டுறாங்க. ரொம்ப வசதி மாமா, ஆறு பேக் தாங்குது.

ஜேசுராஜ்: பேக்கா... ஒளிக்கு அழைக்கிற கையில?

பெர்சிஸ்: இன்டர்வியூ பிராக்டிஸும் உங்ககிட்டதான். எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து, உங்க முகத்தைப் பார்த்து, என் பேர் இது, நான் இது படிச்சிருக்கேன், எனக்கு ஏன் வேலை கொடுக்கணும்ன்னு சொல்லணும். நிஜ மேனேஜர் மாதிரியே இருக்கீங்களாம். ஒண்ணும் ஒத்துக்காத முகமாம். உங்ககிட்ட பேசிப் பழகிட்டா யாரைப் பார்த்தாலும் பயமே வராதாம்.

ஜேசுராஜ்: அப்படியா சொன்னாங்க?

பெர்சிஸ்: ஜுலைகாவுக்கு போன வாரம் வேலை கிடைச்சிருக்கு. மாதாப்பூர்ல, கால் சென்டர். முதல் ஆளு.

ஜேசுராஜ்: கிடைச்சிடுச்சா! அந்த டெய்லர் பொண்ணா? எலி மாதிரி பேசுமே, பக்கத்துல நின்னாக்கூட கேக்காதே?

செலின்: அவதான். நேத்து வீட்டுக்கு வந்தா. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மைசூர்பாகு கொண்டு வந்தா, சிலை அங்கிளுக்குன்னு.

ஜேசுராஜ்: எங்க அது?

செலின்: சாப்பிட்டுட்டோம்.

ஜேசுராஜ்: நல்லது. நல்லது... பெர்சி, கேக்கவே எனக்கு என்னமோ பண்ணுது. சரி, நாளைக்கு அந்தம்மா வந்து இதைப் பார்த்தா?

பெர்சிஸ்: போன வாரமே எழுதிட்டேன். சிலை உங்க பாட்டன் இல்ல, எங்க மாமான்னு. அப்படின்னா தாராளமா இருக்கட்டும்ன்னு பதில் போட்டாங்க. கூடவே ஒரு சிரிப்பு பொம்மையும்.

ஜேசுராஜ்: சிரிப்பு பொம்மையா. சரி. சிரிக்கட்டும்... நாளைக்கு சக்கரை கொடுக்கலாமா, வேணாமா?

பெர்சிஸ்: கொடுக்கணும் மாமா. பிள்ளைங்க காத்துட்டிருக்கும். நன்றி மட்டும் வேற ஆளுக்குச் சொல்லலாம்.

ஜேசுராஜ்: ஆமா. பேச்சை மாத்தணும். பேனா கொடு... "முதுகு வலிக்கிறது என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிய பாக்கியநாதன் என்பவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர் கரும்பு வெட்டினார். குதிரை இல்லை." இப்படி ஆரம்பிச்சா?

செலின்: நல்லாயிருக்கு. கருணைக் கடல் வராம பார்த்துக்கோங்க.

ஜேசுராஜ்: வராது. ஆனா ஒண்ணு. இந்த சிலை நான்தான்ங்கிறது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்.

பெர்சிஸ்: மூணு பேரு, பதினோரு பொண்ணுங்க, கிளாஸ்கோ.

ஜேசுராஜ்: வெளியில போக வேணாங்கிறேன். பிஷப் வர்றார். பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும்? காது வரைக்கும் கிருதா, அந்தக் காலத்துக் கோட்டு, அந்தக் காலத்து டை. ஏதோ பழைய காலத்து வெள்ளைக்காரப் பெரிய மனுஷன்னுதான் நினைப்பாங்க. எண்பத்தெட்டுல மேடையில பார்த்தவங்களே நிஜ துரைன்னு எழுந்து நின்னாங்க. நானா சொன்னா ஒழிய, இது குஷாய்குடா ஃபேக்டரியில வேலை பார்த்த ஜேசுராஜ்ன்னு எதை வச்சு ஒருத்தன் கண்டுபிடிப்பான்?

செலின்: சிலை கையில எச்.எம்.டி வாட்ச் இருக்கு. எங்க அப்பா நம்ம கல்யாணத்துக்கு உங்களுக்குப் போட்டது.